பிணமாகக் கிடப்பவள்

புவனவெந்துரா நகரத்தின் மத்தியான வெயில் கல்லூரி அரங்கத்தின் உயரமான சன்னல் வழியே இறங்கி, மேடை நடுவே வெள்ளைத் துணி போர்த்திப் பிணமாகக் கிடக்கும் மரிசெலின் முகத்தில் விழுகிறது. நாடகமும் நடனமும் படிக்கும் அவளுக்கு இது கடைசித் தேர்வு. போன வருஷம் பிரசவத்தால் விட்டுப்போனது. இனி இன்னொரு வாய்ப்பு கிடையாது. தோழிகள் மெழுகுவத்தி ஏந்தி, வெறுங்காலால் பலகையைத் தட்டித் தட்டி, அவளைச் சுற்றி ஒப்பாரி பாடி ஆடுகிறார்கள். கதவுக்கு வெளியே, தங்கையின் கையில் மரிசெலின் கைக்குழந்தை லுஸ் வீறிட்டு அழுகிறது. அந்தக் குரலுக்கு மார்பு தானாகச் சுரக்கிறது. துணியில் ஈரம் மெல்லப் படர்கிறது. மேடைக்கு முன்னால் மதிப்பெண் போடும் தேர்வாளர் ஒருவரின் நாற்காலி கிறீச்சிடுகிறது. செத்தவளின் தாயாக நடிக்கும் நுபியா மாரடித்துக்கொண்டே அவள்மேல் விழுந்து, தன் கறுப்புச் சால்வையால் ஈரத்தை மூடுகிறாள். “அசையாதடி,” என்று காதோரம் கிசுகிசுக்கிறாள். “பிள்ளை அழுதா என்ன, உயிரோடதானே இருக்கு? நீ இன்னும் கொஞ்ச நேரம் செத்துக் கிட.” மரிசெல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். மூடிய இமைக்குள் கண்ணீர் முட்டுகிறது. பாட்டு உச்சத்துக்கு ஏறுகிறது. அப்போது வெளியே அழுகை சட்டென்று நின்றுபோகிறது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். ஒரு விசும்பல்கூடக் கேட்கவில்லை. “வேண்டாம்டி,” என்று நுபியா சால்வையை அழுத்திப் பிடிக்கிறாள். பிணம் அந்தக் கையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்கிறது. மெழுகுவத்திகள் அப்படியே நிற்கின்றன. மரிசெல் ஈரத் துணியை வாரிப் பிடித்துக்கொண்டு தேர்வாளர்களைத் தாண்டி ஓடிக் கதவைத் திறக்கிறாள். தங்கையின் சுண்டுவிரலைச் சப்பியபடி லுஸ் அயர்ந்து தூங்குகிறது. தங்கை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறாள். “அதுக்குள்ள முடிஞ்சிருச்சாக்கா?”