பத்தாவது ஆல்பம்

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை இசைத்தட்டின் மேல் நீளமாகப் போட்டிருக்கிறது. பத்திரிகைக்கு ஜாஸ் பற்றி எழுதுகிறவர் ஸ்பீக்கரில் காதை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். பியானோவும் குரலும் மட்டுமே உள்ள, கேட்டே ஆகவேண்டிய பத்து ஆல்பங்களை நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்பதைப் பழைய ஞாபகத்திலேயே எழுதிவிட்டார். பத்தாவது புதிது, ஞாபகம் உதவாது. ஆபீஸிலிருந்து வந்த அலுப்போடு மனைவி சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறாள். இந்த மாதிரிப் பாட்டு அவளுக்கு என்றைக்குமே ஒட்டியதில்லை. “சத்தத்தைக் குறைங்களேன், தலை வலிக்குது,” என்கிறாள். அவர் இன்னும் கூட்டுகிறார். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது.

“பியானோ எப்படி இருக்கு?” என்று கேட்கிறார். “என்னையா கேக்குறீங்க?” என்று சிரித்தவள், கொஞ்சம் கவனித்துவிட்டுச் சொல்கிறாள்: “பாடுறவ மூச்சு வாங்குறப்ப மட்டும் அவன் வாசிக்கிறான். அவளும் பாடுற மாதிரியே இல்ல. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டிட்டு உக்காந்து பேசுற மாதிரி இருக்கு.” அவர் அதை அப்படியே எழுதிக்கொள்கிறார். அவள் கை நின்றுவிடுகிறது. “உங்களுக்குக் கேக்கலையா?” “குரல் கேக்குது. பியானோதான் ஆறு மாசமா தேஞ்சுக்கிட்டே போகுது.” “டாக்டர்?” “பாத்துட்டேன். திரும்பாதுன்னுட்டார்.” அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து ஸ்விட்சை அணைக்கிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, “முதல்லேருந்து போடுங்க, சொல்றேன்,” என்கிறாள்.