காத்திருக்கும் வாசகர்

“மேடம், இன்னைக்கும் வந்துட்டு பாருங்க,” என்றார் உதவியாளர் பரமசிவன்.

கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த போன் ஒருமுறை மினுங்கி அணைந்தது. நூலகர் ராதாமணி நிமிராமலே கேட்டாள்.

“ஆரிப்பா?”

“வேற யாரு? நாம பூட்டைத் திறக்க வேண்டியது, இவரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டியது. கோயில் நடை திறக்குததுக்குக் காத்துக் கிடக்க மாதிரில்லா இருக்கு.”

கோவில்பட்டியின் அந்தச் சின்ன நூலகத்தில் அப்படி ஒரு வசதி செய்திருந்தார்கள். எடுத்த புத்தகத்தை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பஸ் ஏறி வர வேண்டியதில்லை. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். புதுப்பித்தாயிற்று என்று கம்ப்யூட்டரே செய்தி அனுப்பிவிடும். அதே புத்தகத்தை வேறு யாராவது கேட்டுப் பதிந்திருந்தால் மட்டும் புதுப்பிக்காது. ‘வேறொரு வாசகர் காத்திருக்கிறார். திருப்பித் தரவும்’ என்று சொல்லிவிடும்.

ஆரிப்புக்கு இப்போதெல்லாம் இந்தப் பதில்தான் போகிறது. புத்தகம் வந்தபாடில்லை. மிஸ்டு கால்தான் வருகிறது.

“நம்மள நக்கல் பண்ணுதான் அண்ணாச்சி. நீங்க கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

“ஆபீஸ் போன்ல இருந்து கூப்பிட்டேன். தெரியாத நம்பர்னா எடுக்க மாட்டாரு போல.”

காத்திருப்பவள் முத்துசெல்வி. தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சி அடுக்குகிற பெண். அரசுத் தேர்வு எழுதப் போகிறாள். அதற்கான கணக்குப் புத்தகம் நூலகத்தில் ஒன்றே ஒன்றுதான். வேலை விட்டதும் சைக்கிளில் வந்து, “வந்துட்டாக்கா?” என்று கேட்பாள். “இல்லம்மா” என்று சொன்னதும் காலி அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவாள்.

கொஞ்ச நாளாக அவளும் வருவதில்லை.

“பிள்ள வெறுத்துப் போச்சு,” என்றாள் ராதாமணி. “பரீட்சை அடுத்த மாசம். அந்த ஆரிப் வீடு எங்கன இருக்கு? நானே போய் வாங்கிட்டு வாரேன்.”

“நறுக்குன்னு நாலு வார்த்த கேட்டுட்டு வாங்க,” என்று விலாசம் சொன்னார் பரமசிவன்.

சாயங்காலம் ராதாமணி போனாள். ஊர்க் கடைசி. எதிரே பருத்திக் காடு. கதவைத் திறந்தவளுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். தலையில் முக்காடு.

“ஆரிப் இருக்காரா? லைப்ரரியில இருந்து வாரேன்.”

“அவன் சவூதில, தம்மாம்ல இருக்கான்மா. போன நோன்புப் பெருநாள் கழிச்சுப் போனான். நான் அவன் உம்மா, தௌலத் பேகம். உள்ள வாங்க.”

நாற்காலியில் கரிசல் தூசி படிந்திருந்தது. அதை முந்தானையால் துடைத்துப் போட்டாள். கேட்காமலே அடுப்பைப் பற்றவைத்தாள்.

“டீ எல்லாம் வேண்டாம்மா. தினமும் எங்களுக்கு மிஸ்டு கால் கொடுக்குறது யாரு?”

“நான்தான். ஏன், வந்து சேரலியா?” அவள் முகம் வெளிறியது. “போன்ல ரெண்டாம் நம்பர அமுக்கிப் பிடி, ஒரு மணி அடிச்சதும் விட்டுருன்னு அவன்தான் சொல்லிக் கொடுத்தான். அப்பப்பக் கொடுன்னான். நான் மறந்து தொலைச்சிட்டா என்ன செய்யன்னு தினமும் கொடுத்துருதேன். தெரியாத நம்பர்ல இருந்து வந்தா மட்டும் எடுக்காதன்னு சொல்லிருக்கான்.”

“அந்தப் புத்தகம்?”

துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினாள்.

“பாதியில மடக்கி வச்சிட்டுப் போயிருக்கான். மிச்சத்த வந்து படிக்கேன், அதுவரைக்கும் விட்டுராத உம்மான்னான். புத்தகம் இங்கன கிடந்தா, அவன் வந்துதான ஆகணும்?”

“போன்ல பேசுவாரா?”

“பேசுவான். பக்ரீதுக்குப் பேசுனான். அங்கன வேல ஜாஸ்தி.”

கேட்க நினைத்த நாலு வார்த்தையும் ராதாமணிக்கு மறந்துபோயின. ஆனாலும் காலி அலமாரி முன்னால் நின்ற முத்துசெல்வி கண்ணுக்குள்ளேயே நின்றாள். பரீட்சை போய்விட்டால் அவளுக்கு இன்னும் ஒரு வருடம் தீப்பெட்டி ஆபீஸ்தான்.

“நாங்க அனுப்புத மெசேஜை யாரு பாக்கா?”

“எனக்கு எங்கம்மா வாசிக்கத் தெரியும்? பக்கத்து வீட்டுப் பிள்ளகிட்ட கொண்டுபோவேன். புதுப்பிச்சாச்சுன்னு வாசிச்சுச் சொல்லும். அந்தச் சாக்குல ரெண்டு வார்த்த பேசிட்டும் போகும். வேற யாரு இருக்கா எங்கூடப் பேச?”

ராதாமணி போனை வாங்கிப் பார்த்தாள். வரிசையாக ஒரே செய்தி. வேறொரு வாசகர் காத்திருக்கிறார். திருப்பித் தரவும். வேறொரு வாசகர் காத்திருக்கிறார்.

வாசிக்கத் தெரியாதவளிடம் இப்படியா ஒருத்தி பொய் சொல்லுவாள்? அவளால்தானே அங்கே ஒரு பிள்ளையின் படிப்பு கெடுகிறது?

“அந்தப் பிள்ளையக் கொஞ்சம் கூப்பிடுங்க,” என்றாள் கடுமையாக.

“ஏட்டி, ஒரு எட்டு வந்துட்டுப் போ,” என்று பக்கத்துச் சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் தௌலத் பேகம்.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றவள் முத்துசெல்வி.

ராதாமணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“இவதாம்மா அது,” என்றாள் தௌலத் பேகம். “ஏட்டி, லைப்ரரியில இருந்து வந்திருக்காக. இன்னைக்கி வந்தத அவியளுக்கும் கேக்குறாப்ல வாசி.”

முத்துசெல்வி போனை வாங்கினாள். ராதாமணியை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரையில் கண்ணை வைத்துக்கொண்டு நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

“புத்தகம் புதுப்பிக்கப்பட்டது. தங்கள் மகன் வந்து படித்து முடித்த பிறகு தந்தால் போதும். இதற்கு வேறு யாரும் காத்திருக்கவில்லை.”