பாலத்தில் நின்றவன்

இலங்கையில் யுத்தம் முடிந்து இரண்டு மாதம். டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத்து வீட்டில் மயூரதனும் மனைவி விஜிதாவும் சிரிப்பதையே மறந்திருந்தார்கள். மகள் ஆரணிக்குப் பிடித்த மந்திரப் பள்ளிச் சினிமா எடுத்த இடங்களைக் காட்டவென்று, கோடை விடுமுறையில் விஜிதா அவளை லண்டனுக்குக் கூட்டிப்போனாள். மயூரதனுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை.

ஆரணி பேஸ்புக்கில் போட்ட முதல் போட்டோ, மந்திரம் படிக்கும் பிள்ளைகள் ரயிலேறும் ஸ்டேஷன். விஜிதாவுக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு இளைஞன். அடுத்தது மந்திரக்கோல் விற்கும் கடைத்தெரு. அங்கேயும் அவன். மூன்றாவது தேம்ஸ் நதிப் பாலம். அவன் கையைப் பிடித்தபடி விஜிதா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மயூரதனுக்கு வயிறு எரிந்தது. தன்னோடு அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்!

உடனே போன் எடுத்தான்.

"ஆர் உவன்?"

"வந்து சொல்லுறனப்பா."

"இப்பவே சொல்லு. உவனைப் பாக்கத்தானோ லண்டன் போனனீ?"

"ஓம்," என்றாள் விஜிதா. "ஆளை நேரிலை பாத்து நிச்சயப்படுத்தாமல் உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறது?"

"போனை அவனிட்டைக் குடு!"

திட்டுவதற்கு வாயெடுத்தான். மறுமுனையில் விம்மல் கேட்டது.

"அண்ணை, நான் கோகுலன். சண்டை முடிய முந்தியே வெளிக்கிட்டிட்டன். உங்கட நம்பர்தான் துலைஞ்சு போச்சு. பேஸ்புக்கிலை தேடித்தான் அண்ணியைப் பிடிச்சனான். என்ரை முகம் தெரியேல்லையோ?"

ஆறு வயதுச் சிறுவனாக ஊரில் விட்டுவிட்டு வந்த தம்பி. வன்னிச் சண்டையில் செத்துப்போனான் என்று, போன மாதம்தான் மயூரதன் அவனுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்திருந்தான்.