கேப்டன் படுத்த வாசல்கள்

"ஒண்ணு அந்த நாய் இங்க இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும். நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க!"

வீட்டுக்காரர் நீலமேகத்தின் முன்னால் கைக்குழந்தையின் காலைத் தூக்கிக் காட்டினாள் செல்லக்கனி. கணுக்காலைச் சுற்றி நாலைந்து சிவப்புத் தடிப்பு. தெள்ளுப்பூச்சிக் கடி.

ராயபுரத்தில் அப்போதெல்லாம் ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து குடித்தனம் இருக்கும், குழாய் மட்டும் ஒன்றுதான். ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் ஐந்து வீட்டிலும் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாக உலையில் விழும். அப்படியொரு காலம். அந்தப் பாழாய்ப்போன பூச்சியும் ஒரு வீட்டோடு நிற்கவில்லை.

வேப்பிலைப் புகை போட்டார்கள். மண்ணெண்ணெய் தெளித்தார்கள். புதிதாக வந்திருந்த டி.டி.டி. தூளையும் தூவிப் பார்த்தார்கள். எதற்கும் மசியவில்லை.

பழி கேப்டன் மேல் விழுந்தது. கேப்டன் பிலோமியின் நாய். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவள் புருஷன் சிலுவைமுத்து, கப்பலடியில் கண்டெடுத்து வந்த குட்டிக்கு வைத்த பெயர்.

"தானா வந்து படுத்தாக்கூடப் பரவாயில்ல. இவளே கூட்டியாந்து படுக்க வைக்கா! ஒரு நாள் என் வாசல், மறுநாள் அடுத்த வாசல். அவ வீட்டுப் பூச்சிய எங்க வீட்டுல உதுத்துட்டுப் போறதுக்கா?" என்றாள் செல்லக்கனி.

எல்லோரும் பிலோமியைப் பார்த்தார்கள். பிலோமி வாயைத் திறந்து, ஏதோ நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டாள்.

"சரிக்கா. அனுப்சிடறேன்."

அன்றைக்கே கேப்டனைக் கயிற்றில் கட்டி, கொருக்குப்பேட்டையில் இருக்கும் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். வரும்போது அழுது முகம் வீங்கியிருந்தது. செல்லக்கனிக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் பெற்ற பிள்ளையா, அடுத்த வீட்டு நாயா?

செல்லக்கனி கெட்டவள் இல்லை. அவள் புருஷன் உச்சிமாகாளிக்குக் கல்மண்டபம் பக்கம் மளிகைக் கடை. மழைக்காலம் வந்தால் கடையின் காலிச் சாக்குகளைப் பிரித்து, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்து, வீட்டுக்கு ஒரு விரிப்பு கொடுப்பாள். சில்லிட்ட சிமெண்ட் தரைக்கு அது அத்தனை இதமாக இருக்கும். ஐந்து வீட்டிலும் அவளுக்கு மகராசி என்று பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொள்ளை ஆசை.

நாய் போய்ப் பத்து நாள் ஆனது. குழந்தையின் கால் முழுக்கத் தடிப்பு, முதுகிலும் தடிப்பு. பிள்ளை தூங்காமல் வீரிட்டது. செல்லக்கனி நேரே பிலோமி வீட்டுக்குள் நுழைந்தாள்.

"நாய எங்கட்டி ஒளிச்சு வச்சிருக்க?"

வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த சிலுவைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா பேசறே? கேப்டன் இருந்த வரிக்கும் உன் புள்ளைக்கு நாலு கடி. இப்ப எத்தினி? பூச்சிக்கு நாய்ன்னா உசுரு. அதான் இவ வூடு வூடா அத்த இட்டுகினு போய்ப் பட்க்க வெச்சா. உங்க வூட்டுப் பூச்சில்லாம் அதும்மேல ஏறிக்கும். சாயங்காலம் சீப்பால வாரி வாரி, மண்ணெண்ணெ ஊத்தின தண்ணில போட்டுச் சாவடிப்பா. தெனிக்கும் இதே வேல. நாயே இல்லன்னா பூச்சி எங்க போவும்? மன்சன் மேலதான் ஏறும்!"

செல்லக்கனி கேட்டாள்: "அப்போ, பூச்சி எங்கேருந்துதான் வந்துச்சு?"

"நீ கம்னு கெட நைனா," என்று பிலோமி புருஷனை அதட்டினாள்.

அவன் கம்மென்றுதான் இருந்தான். கை மட்டும் எதிரே செல்லக்கனி வீட்டுத் தரையைக் காட்டியது. குழந்தை படுக்கும் சாக்கு விரிப்பு அங்கே கிடந்தது.

செல்லக்கனிக்கு அப்போதுதான் கடையின் பின்கட்டு ஞாபகம் வந்தது. காலிச் சாக்கு அடுக்கின் மேல்தான் பூனை வருஷா வருஷம் குட்டி போடும். எலி வராது என்று உச்சிமாகாளி விரட்டுவதில்லை. பூனையின் பூச்சி சாக்கோடு வீட்டுக்கு வந்திருக்கிறது.

மறுநாள் காலை வீடு வீடாகப் போய் விரிப்புகளை வாங்கினாள். "பழசாப் போச்சு, புதுப் பாய் தாரேன்," என்றாள். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினாள். அங்கிருந்தே ரிக்‌ஷா பிடித்துக் கொருக்குப்பேட்டை போனாள்.

கால்மாட்டில் நாயோடு ஒரு கடைக்காரர் சம்சாரம் ரிக்‌ஷாவில் வருவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. நீலமேகத்தைப் பார்த்ததும், "இந்த நாய் இங்கதான் இருக்கும். இது மேல தப்பில்ல," என்று மட்டும் சொன்னாள்.

கேப்டன் பிலோமியின் மேல் பாய்ந்து முகமெல்லாம் நக்கியது. பிலோமி அழுதாள், சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த செல்லக்கனிக்கும் கண் நிறைந்தது.

"அன்னைக்கு அத்தன பேர் முன்னால உன்னையத் திட்டினேனே. சாக்குலதான் பூச்சின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாயும் போயிருக்காதுல்லா? ஏன்ட்டி சொல்லல?"

பிலோமி நாயின் காதைத் தடவியபடி சொன்னாள்:

"நாயி எங்க இருந்தாலும் பொழச்சிக்கும். பூச்சி குட்த்த மவராசின்னு ஒரு தபா பேரு வந்துச்சின்னா, நீங்க அப்பால யாருக்கும் எதுவும் குடுக்க மாட்டீங்களே யக்கா!"