இளஞ்சிவப்பு ரஸ்க்

"பெண் எலி எதுக்கு, வீட்ஸ்கே? அதுங்க உடம்பு அடிக்கடி மாறும். நம்ம கணக்கெல்லாம் குழம்பிடும்" என்று ஆய்வகத்தின் மூத்த விஞ்ஞானி ஹெர்பன் அவளிடம் ஒருமுறை கேட்டார்.

வீட்ஸ்கே அதை ஏற்கவில்லை. பார்க்கின்சன் நோய்க்கான மருந்தை ஆண், பெண் இருவகை எலிகளுக்கும் கொடுத்துச் சோதித்தாள். இடையில் ஹெர்பனுக்கே அந்த நோய் வந்துவிட்டது. நடுங்கும் கையோடு தினமும் ஆய்வகத்துக்கு வந்து, மருந்தின் முடிவுக்காகக் காத்திருந்தார்.

அன்று காபி நேரத்தில் வீட்ஸ்கே ஒரு தட்டு நிறைய ரஸ்க் கொண்டுவந்தாள். வெண்ணெய் தடவி, மேலே இளஞ்சிவப்புச் சோம்பு மிட்டாய் தூவியிருந்தது. அந்த ஊர் வழக்கப்படி, பெண் குழந்தை பிறந்த வீட்டில் கொடுப்பது அது. பையன் என்றால் நீலம்.

"அடடே, பாட்டி ஆயிட்டீங்களா!" என்று சக ஆய்வாளன் யெல்மர் ஒன்றை எடுத்துக்கொண்டான். "மூக்கு மட்டும் உங்கள மாதிரி இல்லையே?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹெர்பனும் சிரித்தபடி ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"என் மக பூனைதான் வளர்க்கிறா" என்றாள் வீட்ஸ்கே. "இது மருந்துக்கு. காலையில முடிவு வந்துச்சு. மூளை செல்லுங்க சாகாம பிழைச்சிருக்கு."

யெல்மர் கைதட்டினான். பிறகுதான் தட்டைக் கவனித்தான்.

"பெண் எலிக்கு மட்டுமா?"

"நீல மிட்டாய் டப்பாவும் வாங்கி வெச்சிருந்தேன்" என்றாள் அவள், ஹெர்பனைப் பார்க்காமல். "பிரிக்க வேண்டி வரல."

ஹெர்பன் தன் ரஸ்க்கைக் கடைசித் துணுக்குவரை சாப்பிட்டார். அவள் தோளில் ஒரு தட்டு தட்டினார். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.