ஐந்தில் நடப்பவள்

காதுக்கருவி நம் காலடிக்கு ஏற்றபடி பாட்டுப் போடும் காலம் இது. விபத்தில் இடது கால் குட்டையாகிப்போன என் மனைவி மதிவதனியிடம் மட்டும், "சீராக நடக்கவும்" என்று நச்சரிக்கும். அவளும் காலை மறைக்கப் புடவையைத் தழையத் தழையக் கட்டுவாள்.

பாட்டுக் கட்டுகிறவன் நான்; விடுவேனா? அவள் பின்னாலேயே நடந்து எண்ணினேன். இடது காலுக்கு இரண்டு தட்டு, வலதுக்கு மூன்று. அந்த ஐந்து தட்டுத் தாளத்திலேயே அவளுக்கொரு பாட்டுப் போட்டேன்.

பாட்டு ஊரெல்லாம் பரவிவிட்டது. இன்று தாம்பரம் நடைமேடையில் அதற்கு ஏற்றபடி நடக்கப் பார்த்தவர்கள் எல்லாரும் தடுமாறினார்கள். கருவி அவர்களை அதட்டியது: "சீராக நடக்கவும்."

ஒரு கல்லூரிப் பெண் மதிவதனியிடம் ஓடிவந்தாள். "அக்கா, நீங்க மட்டும் எப்படிக்கா தப்பாம நடக்கறீங்க?"

மதிவதனி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள்.

"என் காலைப் பாத்துக்கிட்டே வாம்மா."