முந்நூறு கரடிகள்

அந்த ஆண்டும் சிறந்த காட்டுக் காவலுக்கான முதற்பரிசு அக்கரை மிதிவெடிக் காட்டுக்கே போனது. போர் முடிந்து அறுபது ஆண்டுகளாக அங்கே ஒருவரும் கால் வைக்கவில்லை. வானிலிருந்து காடுகளைப் பார்த்துப் புள்ளி போடும் இயந்திரத்துக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இக்கரைக் காட்டைத் தலைமுறைகளாகக் காத்துவரும் முந்நூறு வேடர்களின் சபைக்குக் கடைசி இடம். தேனெடுக்கப் போனவர்களின் காலடித் தடம் தெரிந்ததாம். மரம் கடத்திய லொறிகளின் தடம் தெரியவில்லையாம்.

சபைத் தலைவி கண்ணாத்தை எழும்பினாள். "வெடிக்கிருக்கிற மரியாத நமக்கில்ல. அப்ப நாமளும் வெடி வைச்ச மாதிரி நடிப்பம்."

மறுநாளே காட்டைச் சுற்றி மண்டையோடு வரைந்த பலகைகளை நட்டார்கள். லொறிகள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. பலகைகளைக் கண்ட இயந்திரம் இதையும் மிதிவெடிக் காடென்றே எடுத்துக்கொண்டது. அதற்குள் மனிதர் நடமாட வழியில்லை என்பதால், தேன்கூட்டடியில் கண்ட காலடிகளை இயந்திரம் கரடிகளுடையவை என்று பதிந்துகொண்டது.

அடுத்த ஆண்டு முதற்பரிசு இக்கரைக்கு. அமைச்சர் வாகனத்தை விட்டு இறங்கப் பயந்து ட்ரோனில் காணி உறுதியை அனுப்பினார். 'இக்காடு இதில் வாழும் முந்நூறு கரடிகளுக்கே என்றென்றும் சொந்தம்.'

கண்ணாத்தை அதை ஊருக்கு வாசித்துக் காட்டினாள்.

"மனிசரா நாலு தலைமுறை கேட்டம், தரல்ல. வாங்க கரடிகளே, வந்து கையெழுத்துப் போடுங்க."